குறைந்த காசில் நிறைந்த ஒலி

(சங்கத்தின் வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவு செய்வதற்கு, விலையிற் குறைந்தும் வேலையிற் குறையாமலும் உள்ள கருவிகள் எவை என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் பேராதனையிற் பயிலும் மாணவர்கள் சிலர். கையிலுள்ள சொற்பக் காசைச் சேர்த்து ஒரு வருட காலமாக இவ்வேலையில் ஈடுபட்டு வருகிறோம். "இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கூத்துந்தான் படிப்பு" என்று முன்வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் நினைத்துப் புன்னகை செய்வது தெரிகிறது. அவர் நினைப்பது பாதி சரி. மற்றப் பாதியைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

கண்டி நகரை விட்டு எந்தத் திசையிற் புறப்பட்டாலும் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் நமது மாவட்டத்திலேதான் இருக்கிறது. அதற்கும் முன்னே, கோப்பிக் காலத்திலேயே, நமது முன்னோர் இம்மலைகளுக்கு வந்துவிட்டனர். வரும்போது அவர்கள் கொண்டுவந்த சொத்துக்களில் எந்தக் கங்காணியும் கணக்கெழுத முடியாதது பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய இவையெல்லாம் வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து வாய்க்குமாக வந்தவை.

மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார்கள். அது பெரும் பணி. ஆனால் நூலிலே சொல் இருக்கும், மெட்டு இராது. எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எந்த அடியிலே குரல் தழுதழுக்கும் என்பது அச்சிலே வராது. எண்பது வயதான பாட்டியின் பேரப்பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலே வேலை பார்க்கிறார்கள். பாட்டியோடு மெட்டும் போய்விடுகிறது. தோட்டத்தை மட்டும் சொல்வானேன்? இச்சபையிலேயே தேவாரத்தைப் பழைய முறையிற் பாடும் பெரியோர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல் எந்தப் பெட்டியிலே இருக்கிறது? "கருவி வாங்கக் காசில்லை" என்ற பதிலைத்தான் இதுவரை எல்லோரும் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பதில் இப்போது செல்லாது என்பதே எமது வாதம்.

1933ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஜோன் லோமாக்ஸ் என்பவர் தமது மகன் அலனுடன் நாட்டுப்பாடல் திரட்டப் புறப்பட்டபோது, அவருடைய மோட்டார் வண்டியிலே ஏற்றிச் சென்ற ஒலிப்பதிவுக் கருவியின் எடை 315 இறாத்தல். அது பாட்டை இசைத்தட்டிலே வெட்டிப் பதியும் இயந்திரம். அதைத் தூக்கிக்கொண்டு நமது தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறச் சொன்னால் ஆள் கிடைக்குமா? இன்று அதைவிடத் தெளிவாகப் பதியும் கருவி உங்கள் ஒவ்வொருவருடைய சட்டைப்பையிலும் கிடக்கிறது.

அற்பக் கருவியிலிருந்து அரிய வேலை பிறப்பது நமது நாட்டுக்கும் புதிதன்று. 1923ஆம் ஆண்டிலே எட்வேர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு கொழும்புத் தந்தி அலுவலகத்திலே ஒரு பரப்பியை அமைத்து, கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். இரண்டு ஆண்டுகளின் பின், 1925ஆம் ஆண்டு டிசம்பரிலே, கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பிற்காலத்திலே இந்தியா முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட இலங்கை வானொலியின் தொடக்கம் ஒரு பழைய இரும்புக் குவியல்!

இன்னுமொன்று. டியாக் நிறுவனம் 1979ஆம் ஆண்டிலே சாதாரணக் கசெற்றில் நான்கு தடங்களைப் பதியும் சிறு பெட்டியொன்றை விற்கத் தொடங்கிற்று. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் என்ற பெரும் பாடகர் அந்தப் பெட்டியையும் இரண்டு ஷுவர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகளையும் தமது வீட்டு அறையில் வைத்துக்கொண்டு தனியே பாடினார். அது வெறும் மாதிரிப் பதிவு. வாத்தியக் குழுவுக்குப் பாட்டைக் காட்டுவதற்காகச் செய்தது. பின்பு பெரிய கூடத்திலே எத்தனையோ தடவை பாடிப் பார்த்தும் அந்த மாதிரியிலிருந்த உயிர் வரவில்லை. ஈற்றில் அந்தக் கசெற்றையே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள். காற்சட்டைப் பையிலே உறையுமில்லாமல் அவர் கொண்டு திரிந்த கசெற் அது!

இனி, கருவி வாங்குமுன் அறிய வேண்டியதொன்றைச் சொல்கிறோம். இதை விளங்கிக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டித்தால், நேராக வரும் குரல் ஆறு டெசிபல் குறையும். ஆனால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியும், வெளியிலிருந்து வரும் வீதிச் சத்தமும் குறையமாட்டா. ஆகவே தூரம் கூடக் கூடக் குரல் தேய்ந்து அறை மேலெழும். "மலிவான ஒலிவாங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது" என்று சொல்பவர்களிற் பெரும்பாலோரிடம் குற்றவாளி ஒலிவாங்கியன்று, தூரமே. ஒரு சாண் தூரத்திலே வைத்த மலிவான கருவி, ஆறடி தூரத்திலே வைத்த விலையுயர்ந்த கருவியை வென்றுவிடும். வாய்க்கு நேரே வையாமற் சற்றுப் பக்கமாக வைத்தால் 'ப', 'த' என்ற எழுத்துக்களின் காற்றும் மோதாது.

அடுத்தது அறை. பாதிரிமார் பாடசாலையிலே படித்த எமக்கு ஓர் அனுபவமுண்டு. உயர்ந்த கூரையும் கற்சுவரும் கொண்ட சிற்றாலயத்திலே கீதம் பாடினால் சாதாரணக் குரலும் தேவகானமாக ஒலிக்கும். நாம் நன்றாகப் பாடுகிறோம் என்று நெடுங்காலம் நம்பியிருந்ததற்குக் காரணம் அக்கூரைதான். ஒலிப்பதிவுக்கோ அத்தகைய இடம் சத்துரு. பதிந்த ஒலியோடு எதிரொலியைப் பின்னர் வேண்டுமானாற் சேர்க்கலாம். சேர்ந்துவிட்ட எதிரொலியைப் பிரித்தெடுப்பது, தேநீரிற் கரைந்த சீனியைப் பிரித்தெடுப்பது போல.

ஆகவே நாம் ஒரு பரீட்சை செய்து பார்த்தோம். ஒரே கைத்தொலைபேசி, ஒரே நண்பர், ஒரே பாட்டு. முதலில் சீமெந்துத் தரையுள்ள விறாந்தையில். பின்பு வெறும் அறையின் நடுவில். பின்பு கட்டிலின் தும்பு மெத்தையைச் சுவரிற் சாய்த்து அதன் முன்னால். ஈற்றில் சேலைகள் நிறைந்த அலுமாரியின் இரு கதவுகளையும் திறந்துவைத்து அதற்கு முதுகு காட்டியபடி. கேட்டவர்கள் எல்லோரும் நான்காவதையே "இது ஸ்ரூடியோவிற் பதிந்ததா?" என்றார்கள். செலவு ஒரு சதமுமில்லை. வீட்டு அம்மாவிடம் அலுமாரித் திறப்பை வாங்குவதுதான் சிரமம். எந்த அறை நல்லதென்று அறிய ஒரு கைதட்டுத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று மணி போல் நீண்டால் விட்டுவிடுங்கள்.

இப்போது கருவிகளுக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு நினைவிருக்கிறதல்லவா? மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலரொன்று ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. இருபதினாயிரம் ரூபாவுக்கு வாங்க எண்ணிய பொருள் முப்பத்தாறாயிரமாகிக் கடைக் கண்ணாடிக்குள்ளிருந்து எம்மைப் பார்த்துச் சிரித்தது. விலையை ரூபாவிற் சொன்னால் இந்த மலர் அச்சாகுமுன் அது பொய்யாகிவிடக்கூடும்; எனவே டொலரிற் சொல்கிறோம்.

முதற் படி, சட்டையிற் குத்தும் சிறு ஒலிவாங்கி. போயா பி.வை.எம்.1 என்பது இருபது டொலருக்குள் அடங்கும். பெயரைக் கேட்டு விடுமுறை நாளென்று எண்ணிவிடாதீர்கள். ஆறு மீற்றர் நீளக் கம்பியும் பொத்தான் அளவிலான ஒரு பற்றரியும் உண்டு. பாடுபவரின் நெஞ்சிலே குத்திவிட்டால் அவர் கருவியை மறந்துவிடுகிறார். ஒலிவாங்கியைக் கண்டாற் கூச்சப்படும் பாட்டிமாருக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நாம் காணவில்லை. புதிய கைத்தொலைபேசிகள் பலவற்றில் இதன் முனை நுழையும் துவாரமில்லை. அதற்கொரு சிறு இணைப்பி வேண்டும்.

மடிக்கணனி உள்ளவர்கள் சாம்சன் கியூ2யூ போன்ற டைனமிக் ஒலிவாங்கியைப் பார்க்கலாம். விலை நூறு டொலருக்குக் கீழே. யூ.எஸ்.பி. வழியாக நேரே கணனியிற் செருகலாம். நாளை பெரிய கருவி வாங்கினால் அதற்கும் பொருந்தும். மெய்யாகவே விலைக்கு மேல் வேலை செய்யும் பொருள் இது. டைனமிக் வகை, வாய்க்கு அருகே வைத்துப் பாடுவதற்கென்றே அமைந்தது. அருகில் வைப்பதால் வீதி இரைச்சல் பின்னே தள்ளப்படும். கண்டென்சர் வகை நுண்மையானது. ஆனால் கூரையிற் குதிக்கும் குரங்கையும் அதே நுண்மையுடன் பதியும். பெரிய கூடத்து ஒலிவாங்கியைப் போலத் தோற்றமளித்து மிக மலிவாக விற்கப்படும் கண்டென்சர்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவற்றிற் பலவற்றுக்கு 48 வோல்ற் மின்சாரம் வேண்டும். கணனியின் சிறு துவாரம் அதைக் கொடாது. அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் இடைப்பெட்டிகளில் பெரிஞ்சர் யூ.எம்.2 மலிவானது.

தப்பும் உறுமியும் முழங்கும் இடத்துக்கு வேறு கருவி தேவை. அருகிலே பதிந்தால் ஒலி நெரிந்துபோகும். நெரிந்ததை யாராலும் நேராக்க முடியாது. 2024ஆம் ஆண்டிலே வந்த ஸூம் எச்1 எசென்ஷியல் என்ற கைக்கருவி, விலை ஏறக்குறைய நூறு டொலர், 32 பிற் மிதவை முறையிற் பதிகிறது. ஒலியின் அளவை முன்கூட்டித் திருகி வைக்கும் வேலையே இல்லை. தாலாட்டையும் தப்பையும் ஒரே பதிவிலே பிடித்து, வீட்டுக்கு வந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்த வசதிக்குப் பன்மடங்கு விலை. தனியொருவர் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்தாற் போதும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டியதே இல்லை. ஓடாசிற்றி என்பது 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகவே கிடைக்கிறது. பாட்டுத் தொடங்குமுன் பத்து விநாடி எல்லோரும் மௌனமாயிருந்து அம்மௌனத்தையும் பதியுங்கள். அந்த இடத்தின் இரைச்சல் எப்படிப்பட்டதென்று மென்பொருளுக்குக் காட்டிப் பின்பு அதைக் குறைக்க அதுவே உதவும். ஆயினும் மிகையாகக் குறைத்தாற் பாடுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும்; கை அடக்கம் வேண்டும்.

நேரமும் ஒரு கருவிதான், அதற்கு விலையுமில்லை. கண்டியிலே அதிகாலையிற் பிரித் ஓதும் ஒலிபெருக்கி. அதன்பின் பாடசாலை வாகனங்கள். மாலையிலே பீதோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு பாண் விற்கும் முச்சக்கர வண்டி. ஒப்பாரிப் பதிவொன்றின் நடுவே பீதோவன் புகுந்த அனுபவம் எமக்குண்டு. இரவு பத்து மணிக்குப் பின் நகரம் அடங்கும். தோட்டத்திலோ பிற்பகலிற் பதியக்கூடாது. மழை வந்தாற் தகரக் கூரையின் கீழ் எந்த விலைக் கருவியும் செவிடுதான். முற்பகலே உத்தமம். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்துங்கள். கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள்.

பதிந்ததை வேவ் கோப்பாக வையுங்கள். ஒருவர் குரலை ஒற்றைத் தடத்திலே, இசைத்தட்டின் தரத்தில் ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறக்குறைய 320 மெகாபைற் ஆகும். இன்றைய சேமிப்புக்கு அது பாரமன்று. சுருக்கிய கோப்பை நண்பர்களுக்கு அனுப்பலாம்; மூலத்தை அழிக்காதீர்கள். மூன்று பிரதிகள், அவற்றிலொன்று வேறு வீட்டிலே. பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவரின் பெயர், ஊர், திகதி, யாரிடம் கற்றார் என்பவற்றை வாயாற் சொல்லிவிட வேண்டும். காகிதம் தொலையும், கோப்பின் பெயர் மாறும், குரலோடு சேர்ந்தது போகாது.

ஒரு பெரியவர் சென்ற வாரம் எம்மைக் கேட்டார்: "தம்பி, வீட்டுத் துக்கத்திலே பாடிய ஒப்பாரியை ஊரெல்லாம் கேட்க விடலாமா?" நியாயமான கேள்வி. பாடியவரிடம் முதலில் அவருடைய பாட்டை அவருக்கே போட்டுக் காட்டுகிறோம். வெளியே விடலாமென்றால் விடுவோம். வேண்டாமென்றால் அவருடைய குடும்பத்துக்கு மட்டும் ஒரு பிரதி. தன் குரலை முதன்முதலாகக் கேட்ட பாட்டி ஒருவர், "இது எங்க அம்மா குரல் மாதிரி இருக்கே" என்றார். பிறகு மறந்துபோன இரண்டு அடிகளைத் தாமே எடுத்துப் பாடினார். அந்த இரண்டு அடிகளும் எந்தக் கருவியின் பெறுமதி என்று கணக்குப் பார்க்க எமக்குத் தெரியவில்லை.

சட்டை ஒலிவாங்கி இரண்டும் காதணி ஒலிகேட்பான் ஒன்றும் சங்க நூலக அலுமாரியிலே வைத்திருக்கிறோம். கையொப்பமிட்டு ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். வரும் மாசியிலே கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குக் காமன் கூத்துப் பதியப் போகிறோம். வானில் இரண்டு இடம் மீதமுண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ பழைய பாட்டுத் தெரிந்தவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கும் நண்பரிடம் பெயரையும் விலாசத்தையும் கொடுத்துச் செல்லுங்கள். எண்பதைத் தாண்டியவர்களிடம் முதலில் வருகிறோம்.