பொம்மையின் அடியில் யார் பெயர்?

(மங்கலம்பேட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமகால ஓவியர்களையும் சிற்பிகளையும் எப்படி வகைப்படுத்தினால் அவர்கள் மக்களிடம் போய்ச் சேருவார்கள்? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. கேட்க நூலகர் வேலை போலத் தெரியும். ஆனால் வகைப்படுத்துதல் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மனிதர்களை வகை பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவதில் இந்தச் சமூகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு.

ஆர்ட்சி என்றொரு இணையதளம் இருக்கிறது. ஒரு படைப்பின் ஊடகம், பாணி, காலம், கரு என ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்புகளை அவர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு படம் பிடித்தால், அதே பண்புள்ள இன்னொன்றைக் காட்டுவார்கள். அந்தப் பண்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மரபணு'. அங்கே அது வெறும் உவமை. நம் ஊரிலோ கலைஞரை உண்மையிலேயே பிறப்பை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

பக்கத்து விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அகல்விளக்கும் பொம்மைகளும் மின்சாதனப் பீங்கானும் செய்கிறார்கள். கடையில் ஒரு பொம்மையை வாங்கித் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

புதுச்சேரிக்குப் போவோம். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பலர் இன்று பெயர் சொல்லி அறியப்படும் சமகாலக் கலைஞர்கள். அதே புதுச்சேரியின் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்கிறார்கள். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். இரண்டு இடத்திலும் மண்தான், நெருப்புதான். ஒரு பக்கம் 'ஸ்டுடியோ', 'சமகாலம்'. மறுபக்கம் 'பாரம்பரியம்', 'கைவினை'. கோல்டன் பிரிட்ஜைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. நல்லதுதான். ஆனால் செய்தவரின் பெயரை யார் காப்பது?

அரசின் கணக்கும் இதே மாதிரிதான். 1954இல் தொடங்கிய லலித் கலா அகாடமி கலாச்சார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கைவினைஞருக்கு அடையாள அட்டை தருவது ஜவுளி அமைச்சகம். ஒருவர் 'கலை'யாகவும் மற்றவர் 'சரக்கா'கவும் பதிவாகிறார்கள். இந்தப் பதிவுதான் யாருக்குக் கண்காட்சிக் கூடம், யாருக்குப் பொருட்காட்சிக் கடை என்பதையும் தீர்மானிக்கிறது. விலையும் அதற்கேற்பத்தான்.

2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள். விண்ணப்பிப்பவரின் குடும்பம் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. 1953இன் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த மண்ணுக்கு அந்த வாசனை தெரியும். மாற்றாக 25 தொழில்களோடு, சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது. 35 வயது ஆனவர்களுக்குத்தான் என்பதால், படிக்க வேண்டிய பிள்ளையை அது சக்கரத்தின் முன் உட்கார வைக்காது. சாதி, உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். கலை உலகம் அதை இன்னும் படிக்கவில்லை.

அப்படியானால் 'தலித் கலைஞர்' என்ற வகை வேண்டாமா என்று கேட்பீர்கள். நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கரின் படைப்புகளைப் பாருங்கள். கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட தீண்டப்படாத மனிதர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். அந்த வரலாற்றைத் தன்னுடையதாக அவரே முன்வைக்கிறார். கலைஞர் தானே எடுத்துக்கொள்ளும் அடையாளம் ஆயுதம். பிறர் ஒட்டும் அதே சொல் வேலியாகிவிடும். ஏப்ரல் மாதம் மட்டும் கூப்பிட்டு மற்ற பதினோரு மாதமும் மறந்துவிடுவதற்கு அந்த வேலி வசதியாக இருக்கிறது. அவருடைய கோட்டைப் பற்றி, வண்ணத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

ஆகவே வகைப்பாடு வேண்டாம் என்பது என் வாதமல்ல. வகையே இல்லையென்றால், ஏற்கெனவே பெயர் பெற்றவரை மட்டும்தான் உலகம் தேடும். நமக்கு வேண்டியது வேறு வகைப்பாடு. முதலில், கலைஞரின் பெயர். அவர் தன்னை எப்படி அழைக்கிறாரோ அந்தச் சொல். ஒருவருக்குப் பல வகை இருக்கலாம். அவற்றை மாற்றும் உரிமையும் அவருக்கே. அடுத்து என்ன ஊடகம், எதைப் பற்றிய படைப்பு, எங்கே போனால் பார்க்கலாம். எல்லாம் தமிழில். 'பாரம்பரியம்', 'நாட்டுப்புறம்' என்ற சொற்களை நாமாக ஒட்டக் கூடாது. தண்ணீரைப் பற்றிப் படம் வரைந்தவரும் தண்ணீர்ப் பானை வனைந்தவரும் ஒரே பக்கத்தில் வரட்டும். ஒருவரைத் தேடி வருபவர் மற்றவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. உங்கள் கையில் கைபேசி இருக்கிறது. மங்கலம்பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் சுவரெழுத்து எழுதுபவர், பேனர் வரைபவர், பொம்மைக்கு வண்ணம் தீட்டுபவர், சிலை செய்பவர் எல்லோரையும் சந்தியுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பத்துப் பெயரில் ஒரு பட்டியலைத் தொடங்குங்கள். சாதியைக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொல்ல விரும்பினால் மறைக்கவும் செய்யாதீர்கள். அடுத்த முறை பொம்மை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தது யார்?

பத்துப் பேர் கேட்டால் அது தொந்தரவு. ஆயிரம் பேர் கேட்டால், பொம்மையின் அடியில் ஒரு பெயர் வந்தே தீரும்.

ஜெய்பீம்.