சுற்றுப்போட்டி: ஒரு சொல்லாய்வு
(பொழிவின் எழுத்துவடிவம்)



நம் ஊர் இளைஞர்கள் சிலர் அண்மையில் ஓர் அழைப்பிதழ் தந்தனர். சடுகுடு நம் மண்ணின் ஆட்டம், ஆடுவோர் தமிழர், காண்போரும் தமிழர். அழைப்பிலோ 'டோர்னமெண்ட்' என்றிருந்தது. ஏன் என்றேன். "அதற்குத் தமிழில் ஈடில்லை, ஐயா" என்றனர். ஈடு உண்டா இல்லையா என்று சொல்லுமுன், அச்சொல்லின் பொருளை அறிதல் வேண்டும் அன்றோ?

அச்சொல் ஆடுகளத்தில் பிறந்ததன்று. போர்ப்பயிற்சிக் களத்தில் பிறந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரஞ்சு நாட்டில் குதிரை மறவர் இரு அணியாகப் பிரிந்து, வயலும் வெளியும் பரந்த நிலத்தில் ஈட்டியேந்தி மோதினர். தோற்றவனைச் சிறைபிடித்து, அவன் குதிரையையும் படைக்கலத்தையும் மீட்புப் பணத்தையும் வென்றவன் கொண்டான். வில்லியம் மார்சல் என்னும் ஆங்கில மறவர் இவ்வழியே பொருளும் புகழும் ஈட்டினார். 1216இல் சிறுவனாயிருந்த மன்னனுக்காக நாடாளும் பொறுப்பையும் ஏற்றார்.

உயிரிழப்பு மிகவே, 1130இல் கிளேர்மோன் பேரவையில் போப்பாண்டவர் இதனைத் தடுத்தார். தடையோ நிலைக்கவில்லை. 1194இல் இரிச்சர்டு மன்னன் இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் மட்டும் இசைவளித்து, கட்டணமும் பெற்றான். 1316இல் போப்பாண்டவரின் தடையே நீங்கிற்று. 1559இல் பிரஞ்சு மன்னன் இரண்டாம் என்றி, எதிரியின் ஈட்டிச் சிம்பு கண்ணருகே பாய்ந்து மாண்டான். அதன்பின் அவ்வழக்கம் தேய்ந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். மோதிக் கடந்த மறவன், குதிரையை வளைத்துத் திருப்பி மீண்டும் மோதுவான். பழம்பிரஞ்சில் 'தோர்னொயேர்' என்றால் சுற்றித் திரும்புதல். அதன் மூலமாகிய இலத்தீன் 'தோர்னாரே', கடைசற் பொறியில் சுழற்றிக் கடைதலைக் குறிக்கும். அதற்கும் மூலம் கிரேக்கத் 'தோர்னோசு'. வட்டம் வரையும் கருவிக்கும் கடைசற் கருவிக்கும் பெயர். தச்சன் பட்டறையில் தோன்றிய சொல், மறவர் களம் புகுந்து, 1066க்குப் பின் பிரஞ்சு பேசிய நார்மானியர் ஆண்ட இங்கிலாந்திலும் வேரூன்றியது. 1851இல் இலண்டனில் பன்னாட்டினர் கூடி ஆடிய ஆனைக்குப்பு, அதாவது சதுரங்கப் போட்டிக்கும் அதுவே பெயராயிற்று.

'திரும்பு என்னும் நம் சொல்லே இவ்வாறு திரிந்தது எனலாமே' என்று சிலர் வினவலாம். ஒலியும் பொருளும் நெருங்கி நிற்பதை நானும் காண்கிறேன். ஆயினும், நெருக்கம் வேறு, உறவு வேறு. கிரேக்கம் முதல் ஆங்கிலம் வரை ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று உண்டு. தமிழிலிருந்து கிரேக்கத்திற்குச் செல்லும் படிக்குச் சான்றில்லை. சான்றில்லாத ஒன்றை நாம் மேடையில் முழங்கினால், சான்றுள்ள நூறு சொற்களையும் பகைவர் அதனொடு சேர்த்து எள்ளுவர். பொய்யால் தாய்மொழிக்குப் பெருமை வாராது. அதற்குத் தேவையும் இல்லை.

ஏனெனில், ஈடான சொல் நம்மிடமே உள்ளது. ஈழத்தமிழர் 'சுற்றுப்போட்டி' என வழங்குகின்றனர். அயற்சொல்லின் உட்பொருளாகிய சுற்றுதலே அதிலும் நிற்றல் காண்க! நம் இளைஞரும் முதற்சுற்று, இரண்டாம் சுற்று என்றே நாள்தோறும் பேசுகின்றனர். உள்ளே ஆடுவது தமிழ்ச்சுற்று. வாயிலில் தொங்குவது அயற்பெயர்ப் பலகை!

ஆங்கிலேயர் அச்சொல்லைக் கொண்டது, ஆண்டவர் மொழி அதுவாக இருந்தமையால். நம்மை இன்று கட்டாயப்படுத்துவார் யார்? நம் சோம்பல் ஒன்றே.

இளைஞர்களே! அடுத்த அழைப்பிதழில் 'சடுகுடு சுற்றுப்போட்டி' என அச்சிடுங்கள். முதல் ஆளாய் வந்து அமர்வேன்.