ஏரிக்கு வயது சொன்ன கதை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் யாரும் எழுதலாம் என்று தெரிந்த உற்சாகத்தில், நம் பகுதியைப் பற்றிய கட்டுரையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இங்குள்ள ஏரி பல்லவர் காலத்தில் வெட்டப்பட்டது.’ டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார், அவ்வளவுதான் ஆதாரம்.

அடுத்த ஆண்டு நம் விழா மலரில் அந்த வரி அப்படியே வந்தது. பிறகு விக்கிப்பீடியாவில் ஒருவர் ‘சான்று தேவை’ என்று குறியிட்டார். எனக்குக் கோபம். உடனே நம் மலரையே சான்றாகக் காட்டினேன். நான் சொன்னதற்கு நானே சாட்சி!

ஏரி ஆக்கிரமிப்பு பற்றி நாம் மனு கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மனுவிலும் இந்த வரி இருந்தது. ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று அதிகாரி கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. மனுவில் இருந்த மற்ற உண்மைகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை நானே நீக்கினேன்.

இது ஏரியோடு போனது. மனிதர்களைப் பற்றி எழுதும்போது பாதிப்பு இன்னும் பெரிது. 2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலைகளோடு தொடர்புபடுத்தி ஒருவர் விளையாட்டாக எழுதிய பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும் விதிகள் அதன் பிறகே கடுமையாயின.

அதனால் புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில் கணக்கு தொடங்கி, மணல்தொட்டியில் எழுதிப் பழகுங்கள். அங்கே தவறு செய்யலாம். பிறகு எழுத்துப் பிழை திருத்துங்கள். ஒரே நாளில் முழுக் கட்டுரை எழுத வேண்டாம்.

எந்தத் தகவலைச் சேர்த்தாலும், அதை எங்கே படித்தீர்கள் என்று அங்கேயே குறிப்பிடுங்கள். நாளிதழ், நூல், தொல்லியல் துறை வெளியீடு, மாவட்ட விவரச்சுவடி இவையெல்லாம் சான்றாகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளமாக இலவசமாகக் கிடைக்கின்றன. வாட்ஸ்அப் செய்தி சான்றாகாது. நம் செய்திமடலும் ஆகாது, வருத்தப்படாதீர்கள்.

நாளிதழிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. படித்துவிட்டு உங்கள் நடையில் எழுதுங்கள். படம் என்றால் நீங்களே எடுத்ததைக் கொடுங்கள். அதை யாரும், வியாபாரத்துக்குக்கூட, பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடுதான் கொடுக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சொந்தக் கடை, சொந்தக் கட்சி, சொந்தக்காரர் பற்றி எழுதாமல் இருப்பது நல்லது. எவ்வளவு முயன்றாலும் பாராட்டு நுழைந்துவிடும்.

நீங்கள் எழுதியதை ஒருவர் நீக்கினால் மீண்டும் மீண்டும் அதையே போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகி இருக்கும், எதுவும் தொலைந்துவிடாது. உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். எனக்குக் குறியிட்டவர் முகம் தெரியாதவர். ஆனால் அன்று அவர்தான் சரி.

அந்தப் பெரியவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கல்வெட்டோ நூலோ கிடைத்தால் அந்த வரியைத் திரும்பச் சேர்ப்போம். அதுவரை, நாம் நேரில் பார்க்கும் ஏரியின் நல்ல படங்களைக் கொடுப்போம். அடுத்த ஞாயிறு காலை கரையில் நடக்க வருபவர்கள் மொபைலை மறக்காமல் கொண்டு வாருங்கள்.