அடுப்படியிலும் ஆண்டவர்

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்குப் போகிறோம்; பாடுகிறோம்; பிரசங்கம் கேட்கிறோம். உள்ளம் உருகத்தான் செய்கிறது. ஆனால், திங்கட்கிழமை விடிந்ததும் என்ன நடக்கிறது? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்; பேருந்தைப் பிடிக்க வேண்டும்; ஷிப்டு தொடங்குமுன் தொழிற்சாலைக்குள் நுழைய வேண்டும். இந்த ஓட்டத்தில் ஆண்டவரை ஆலயத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கேட்டால், "நேரம் எங்கே இருக்கிறது?" என்கிறோம்.

நேரமின்மை நமக்கு மட்டும் வந்த சோதனையா? மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு மாலைப் பொழுது. பொழுது சாய்ந்த பிறகும் நோயாளிகள் இயேசுவிடம் வந்துகொண்டேயிருந்தார்கள். ஊரே வாசலில் கூடிவிட்டது. அத்தனை களைப்புக்குப் பிறகும், மறுநாள் இருட்டோடு எழுந்து, தனியான ஓரிடத்திற்குப் போய் அவர் ஜெபித்தார். சீடர்கள் தேடி வந்து, எல்லாரும் அவரைத் தேடுவதாகச் சொன்னார்கள். வேலை காத்திருந்தது, ஆனால், ஜெபம் முந்திக்கொண்டது. வேலை குறைந்த பிறகு ஜெபிக்கலாம் என்று அவர் இருக்கவில்லை.

நாமோ கண் விழித்ததும் கைத்தொலைபேசியைத் தேடுகிறோம். யார் என்ன செய்தி அனுப்பினார் என்று பார்ப்பதற்குள் பத்து நிமிடம் பறந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்தை ஆண்டவருக்குக் கொடுத்தால் என்ன? சில வசனங்களைப் படித்து, சற்று நேரம் மௌனமாக அவர்முன் அமர்ந்தால் போதும். அந்த நாளின் தலைவாசலில் அவரை நிறுத்தியவர்கள் ஆவோம்.

சரி, காலையில் ஜெபித்தாயிற்று. மற்ற நேரம்? இதற்கு விடை சொல்ல ஒரு சமையற்காரர் இருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்தவர். போர்வீரராக இருந்து காயம்பட்டு, ஒரு கால் ஊனமானவர். 1640ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலுள்ள கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். சகோதரர் லாரன்ஸ் என்ற பெயர் பெற்றார். மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை சமையல். அது அவருக்குச் சற்றும் பிடிக்காத வேலை. ஆயினும், சட்டி பானைகளின் ஓசைக்கு நடுவே இறைவனோடு பேசிப் பழகினார். வேலை நேரம் வேறு, ஜெப நேரம் வேறு என்ற பிரிவே தமக்கு இல்லாமற்போனதாக அவர் கூறினார். 1691இல் அவர் மறைந்த பின், அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் சிறு நூலாக வெளிவந்து, இன்றுவரை படிக்கப்படுகின்றன.

இந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததா? இல்லை. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். மனம் அலையும், தாம் தகுதியற்றவர் என்ற எண்ணம் வாட்டும். ஆனால், மனம் விலகிய ஒவ்வொரு முறையும், கலங்காமல் அதை மீண்டும் ஆண்டவரிடம் திருப்பினார். நாமோ நான்கு நாள் முயன்று, ஐந்தாம் நாள் தவறிவிட்டால், "இது நமக்கு ஒத்துவராது" என்று கைவிட்டுவிடுகிறோம். தவறுவது தோல்வியன்று, நேயர்களே. திரும்பி வராமலிருப்பதே தோல்வி.

இன்னும் ஒன்று உண்டு. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு நம்மேல் குறையிருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் கற்பித்தார். சொந்த அண்ணனோடு பேச்சில்லை, அண்டை வீட்டாரோடு முகங்கொடுப்பதில்லை என்றால், நம் நீண்ட ஜெபம் எங்கே போய்ச் சேரும்? ஆண்டவரை நெருங்கும் வழி சில வேளைகளில் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஜெபத்தைவிட இது கடினம். அதனால்தான் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறோம்.

ஆகவே, பெரிய தீர்மானங்கள் எதுவும் வேண்டாம். காலையில் பத்து நிமிடம், வேலைக்கு நடுவே ஆண்டவரை நோக்கி ஒரு சொல், இரவில் குடும்பமாகக் கூடி ஒரு சிறு ஜெபம், படுக்குமுன், "இன்று யார் மனத்தைப் புண்படுத்தினோம்?" என்று ஒரு கேள்வி. இவற்றை இன்றிரவே தொடங்குவோம். நாளை தவறினால், நாளை மறுநாள் மீண்டும் தொடங்குவோம். அடுப்படியில் ஆண்டவரைக் கண்டவர்களுக்கு ஆலயம் வெகு தூரமில்லை.