வானம் பார்த்த பூமியில் வானம் பார்த்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இம்மேடையில் சங்கப் பாடலையும் புதுக்கவிதையையும் பற்றியே பேசி வந்த என்னிடம், இவ்வாண்டு வேறொரு பொருளைக் கொடுத்திருக்கிறார் செயலாளர். அதையும் ஒரு வினாவாகவே கொடுத்தார். எல்லோரும் பார்க்கும் தொலைக்காட்சி, எளிய மக்களை விண்மீன் நோக்கும் ஆர்வலர்களாக ஆக்குமா? நான் விஞ்ஞானி அல்லன். முப்பதாண்டு தமிழ் கற்பித்தவன். ஆனால் வினாவைக் கேட்டதும் என் வீட்டு வேப்பமரம்தான் நினைவுக்கு வந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

இந்த ஊரில் நின்று பேசும்போது பாண்டித்துரைத் தேவரை நினைக்காமல் தொடங்க முடியாது. பாலவனத்தம் சமீன்தாராக இருந்த அவர், மதுரைக்குச் சொற்பொழிவாற்றச் சென்றபோது திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டதாகவும், அங்கு அவை கிடைக்கவில்லை என்றும், அந்த வருத்தமே 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கமாக முளைத்தது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லையே என்ற குறையிலிருந்து எழுந்த செயல் அது. வானத்தின் கதை நேர்மாறானது. அது எல்லா வீட்டின் மேலும் இருக்கிறது. கேட்பார்தான் இல்லை.

வேப்பமரத்துக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டு சனவரி 15. அன்று மாட்டுப் பொங்கல். அன்றே தை அமாவாசை. அன்றே கங்கணச் சூரிய கிரகணம். மாட்டுக்குப் பொங்கல் வைப்பதா, முன்னோருக்கு விரதம் இருப்பதா, கதவை அடைப்பதா என்று தெருவே குழம்பிக் கிடந்தது. இந்த ஆயிரமாண்டில் நிகழும் கங்கண கிரகணங்களுள் மிக நீண்டது அதுதான். இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 11 நிமிடங்களுக்கு மேல் வளையம் நின்றது. அந்த நிழற்பாதை கன்னியாகுமரி, இராமேசுவரம் வழியாகச் சென்றபோது நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரமும் அதற்குள் இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து பணம் செலவழித்து வந்தவர்கள் தனுஷ்கோடியில் கூடாரமடித்துக் காத்திருந்த காட்சி, நம் தலைக்கு நேரே, காசில்லாமல், நண்பகல் கழிந்து ஒன்றேகால் மணியளவில் நடந்தது.

அப்போது நான் எங்கிருந்தேன்? கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். செய்தி அலைவரிசைகள் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தன. வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள், பார்வை போய்விடும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரித்தார்கள். எச்சரிக்கை சரியானதே. ஆனால் வேறு எப்படிப் பார்ப்பது என்று சொல்லாத எச்சரிக்கை, கதவுக்குத் தாழ்ப்பாளாகிவிடுகிறது. நானும் தாழிட்டுக்கொண்டு, என் கூரைக்கு மேலே நடப்பதை எங்கோ ஒரு படக்கருவி வாங்கி, எங்கோ ஒரு நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து என் வீட்டுக்கு வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுச் சிறுமி, எட்டு வயதிருக்கும், கதவைத் தட்டினாள். "தாத்தா, வெளிய வந்து பாருங்க. வேம்படியில ஒரே வளையலாக் கெடக்கு."

போய்ப் பார்த்தேன். இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கருவியாகி, மறைந்த சூரியனின் உருவத்தை மண்ணில் வீழ்த்தியிருந்தது. கரிசல் மண்ணில் ஆயிரக்கணக்கான ஒளி வளையங்கள். காற்றடித்தபோது அத்தனையும் ஒன்றோடொன்று உரசாமல் குலுங்கின. சிறுமி அவற்றைப் பொறுக்கக் குனிந்து, தன் கையின் மேலேயே வளையம் விழக் கண்டு சிரித்தாள். அவளுடைய அம்மா அடுக்களையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வந்தார். அதன் கண்கள் ஒவ்வொன்றும் சுவரில் ஒரு வளையம் வரைந்தன. அடைத்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எந்த அலைவரிசையாவது பூந்திக் கரண்டியை எடுத்து வாருங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பாலவனத்தம் முழுவதும் அன்று தெருவில் நின்றிருக்கும்.

தொலைக்காட்சி கதவைத் திறக்கவும் செய்யும், அடைக்கவும் செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே வரலாறு இருக்கிறது. 1980 பிப்ரவரி 16இல் முழுச் சூரிய கிரகணம் கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியே சென்றது. அன்று மக்கள் வெளியே வராதிருக்கத் தொலைக்காட்சியில் திரைப்படம் காட்டினார்கள் என்பதை அக்காலத்தவர் பலர் இன்றும் நினைவுகூர்வர். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 24இல், தீபாவளிக்கு மறுநாள், வடநாட்டில் முழு கிரகணம். இம்முறை அதே தூர்தர்சன் கிரகணத்தை நேரடியாக ஒளிபரப்பியது. பேராசிரியர் யஷ்பால் அதைப் பாமரருக்கும் விளங்கப் பேசினார். நரையும் சிரிப்புமாக, 'டர்னிங் பாயிண்ட்' நிகழ்ச்சியில் நேயர்களின் கேள்விகளுக்கு விடையளித்து வந்த மனிதர் அவர். கருவி மாறவில்லை. அதைக் கையாண்டவர் மனம் மாறியது.

ஆனால் யஷ்பால் பேசியது நம் மொழியில் இல்லை. செயந்த் நார்லிகரின் 'பிரம்மாண்ட்' தொடரும் இந்தியில்தான் வந்தது. 1980களில் தூர்தர்சன் ஒளிபரப்பிய கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' ஆங்கிலம். பதின்மூன்று பகுதிகள் கொண்ட அத்தொடரைச் சென்னையில் உறவினர் வீட்டில் சில வாரம் பார்த்தேன். வீட்டிலிருந்த பெரியவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எனினும் பத்தாம் பகுதியில் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பொங்கலும் சோழர் காலத்து நடராசர் திருமேனியும் திரையில் வந்தபோது, அதுவரை உறங்கிக்கொண்டிருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அண்டத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் சொல்ல அமெரிக்கர் ஒருவர் நம் ஊர்ப் பானையையும் நம் ஆடவல்லானையும் நாடி வந்தார். நாமோ அவற்றைத் திருவிழா நேரலைக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

சேகன் வியப்பூட்டினார். வியப்பு பெரிது, ஆனால் அது நாற்காலியில் அமர்ந்தபடியே கிடைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் பாட்ரிக் மூர் செய்தது வேறு. 1957 ஏப்ரல் 24இல் பி.பி.சி.யில் 'தி ஸ்கை அட் நைட்' என்ற மாத நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2012இல் இறக்கும்வரை அவரே நடத்தினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் தவறவிட்டார். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். தாமே ஓர் ஆர்வலர். இம்மாதம் எத்திசையில், எந்நேரத்தில், எதைப் பார்க்கலாம் என்று அண்டை வீட்டாரிடம் சொல்வதுபோல் சொன்னார். கேட்டவர் கோட்டு மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்துக்குப் போனார். பாதி நாள் மேகம் மூடியிருக்கும் நாட்டில் இது நடந்தது. தையிலிருந்து சித்திரை வரை மேகத்தையே தேடும் நம் வட்டாரத்தில் இப்படியொன்று இல்லை என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சில இரவுகளில் சிரிப்பு வருவதில்லை.

நம் தொலைக்காட்சியில் விண்மீன்களே இல்லை என்று சொல்லக்கூடாது. நாள்தோறும் காலையில் இருபத்தேழும் வருகின்றன, இராசிபலனில். கேட்டைக்கு இன்று அலைச்சல், உரோகிணிக்கு வரவு என்கிறார்கள். கேட்டை செந்நிறமாய் ஒளிரும் ஒரு மீன் என்பதோ, உரோகிணியும் சிவந்ததே என்பதோ, கார்த்திகை ஆறாய்க் குவிந்த கூட்டம் என்பதோ அந்த நிகழ்ச்சியில் யாருக்கும் தேவைப்படவில்லை. என் பாட்டனாருக்குச் சாதகம் தெரியும். அத்தோடு வெள்ளி முளைத்துவிட்டதா என்று எழுந்து பார்த்து ஏர் பூட்டவும் தெரியும். தொலைக்காட்சி முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரிக்குள் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இறங்கியது. வெறுங்கண்ணுக்கே தெரிந்த மாற்றம். உலகெங்கும் ஆர்வலர்கள் இரவுதோறும் அதன் ஒளியைப் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து அனுப்பினார்கள். அம்மீன் வெளியேற்றிய பொருள் குளிர்ந்து தூசியாகி அதை நமக்கு மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் முடிவு கண்டனர். நம் அலைவரிசைகளும் அதைச் செய்தியாக்கின: திருவாதிரை வெடிக்கப் போகிறதாம்! வரைகலையில் வெடித்தும் காட்டினார்கள். அதே குளிர்காலத்தில்தான் மார்கழித் திருவாதிரை வந்தது. ஆருத்திரா தரிசனம் வந்தது. நம் வீடுகளில் களி கிண்டினோம். வாசலுக்கு வந்து கிழக்கே அண்ணாந்து, இன்று எப்படி இருக்கிறது அந்த மீன் என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொல்லவில்லை. நான் உயர்த்த முடியாது.

அப்படியென்றால் தொலைக்காட்சியால் ஆகாதா? என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்வலரை உண்டாக்குவது தொலைக்காட்சி அன்று. கதவைத் தட்டும் ஒரு சிறுமிதான். ஆனால் நாளையும் நேரத்தையும் ஊரறியச் சொல்வதிலும், அச்சத்தைப் போக்குவதிலும் அதற்கு நிகரான கருவி நம்மிடம் இல்லை. அதை அது செய்யாமலிருப்பதற்கு ஒரு சங்கடமான காரணமும் உண்டு. விண்மீன் பார்க்க ஏற்ற நேரம் இரவு ஏழு முதல் பத்து. நெடுந்தொடர் ஓடும் நேரமும் அதுவே. வெளியே போய்ப் பாருங்கள் என்று சொல்வது, தன் கடையைத் தானே பூட்டச் சொல்வதாகும். அதனால்தான் நான் பெரிய தொடர்கள் எதுவும் கேட்கவில்லை. எட்டு மணித் தொடருக்கு முன், வானிலை அறிக்கையை ஒட்டி, இரண்டு நிமிடம் போதும். விளம்பர இடைவேளையில் வாசலுக்கு வந்து திரும்பிவிடலாம்.

அந்த இரண்டு நிமிடமும் நம் அட்சரேகையில் நின்று பேச வேண்டும். இது முக்கியம். மேலைநாட்டுப் படங்களில் துருவமீன் உயரத்தில் நிற்கும். நமக்கோ அடிவானத்திலிருந்து ஒன்பதரைப் பாகையில், புழுதிக்குள் மங்கிக் கிடக்கும். மாறாக, இலண்டன்காரர் தம் ஊரிலிருந்து ஒருபோதும் காண முடியாத தென்சிலுவை, சித்திரைக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் நம் தென்வயல்களுக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. இதைச் சொல்லப் பாட்ரிக் மூர் வரமாட்டார்.

திரையை மட்டும் குறை சொல்லிவிட்டுக் கவிஞர்களை விட்டுவிட மனமில்லை. வானத்தில் ஒரு கொள்ளி வீழ்ந்த இரவை, அப்போது எந்த மீன் உச்சியில், எது சாய்வில், எது எழுச்சியில் என்று குறிப்போடு பாடினார் கூடலூர் கிழார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பற்றிய அப்பாட்டு, புறநானூற்றில் 229ஆம் பாட்டு. அவருடைய நிமித்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டுப் பாடினார். நம் வட்டத்தின் ஆண்டு மலர் ஒன்றில், அந்தி மயங்கும் வேளையில் கீழ்வானில் இளம்பிறை எழுவதாக ஒரு கவிதை வந்தது. இளம்பிறை அந்தியில் மேற்கே அல்லவா தெரியும்! ஒருவரும் திருத்தவில்லை. எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை; இப்போது உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

2023 ஆகஸ்டு 23, மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலவில் இறங்கிய பொழுது. பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் இருபது முப்பது பேர் நின்று தொலைக்காட்சி பார்த்தோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இறங்கியதும் கைதட்டினோம், முன்பின் தெரியாதவர்கள் கைகுலுக்கினார்கள். எனக்கும் கண் கலங்கியது. கடையை விட்டு வெளியே வந்தால், தென்வானில், இன்னும் வெயில் தாழாத வெளிச்சத்தில், வெளிறிய அரைநிலா நின்றிருந்தது. அவர்கள் இறங்கியிருந்த அதே நிலா. கடைக்காரரை அழைத்துக் காட்டினேன். அவர் கையில் வடிகட்டியோடு நின்று, திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அதுவா சார் இது?" என்றார். அந்த வினாவை அவரிடமிருந்து வரவழைத்தது தொலைக்காட்சிதான். ஆனால் வாசலில் ஒருவர் அழைக்கவும் வேண்டியிருந்தது.

இவ்விரண்டும் கூடினால் எதுவரை செல்லும் என்பதற்கு மதுரையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன் சான்று. 2019 செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலை விக்ரம் இறங்குகலத்தின் தொடர்பு அறுந்ததை நாடே விழித்திருந்து பார்த்தது. வருந்தியபின் உறங்கப் போனது. சென்னையில் பொறியாளராயிருந்த இவர், நாசா வெளியிட்ட நிலவின் படங்களைப் பழைய படங்களோடு வைத்து இரவுகளில் ஒப்பிட்டு, சிதறல் ஒன்றைக் கண்டார். அவ்வாண்டு டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்து, அவர் பெயரையும் சொன்னது.

வேம்படியில் வளையல் பொறுக்கிய சிறுமியைப் பற்றிக் கேட்பீர்கள். 2019 டிசம்பர் 26இல் மறுபடி ஒரு கங்கண கிரகணம், இம்முறை கோவை, திண்டுக்கல் வழியே சென்றது. நம் ஊருக்கு வளையம் இல்லை. அவள் அப்போது மதுரையில் கல்லூரி மாணவி. விடியற்காலைப் பேருந்தில் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டுவிட்டாள். முந்தின வாரம் ஊருக்கு வந்தபோது வீட்டிலிருந்து எதையோ எடுத்துப் போயிருக்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் முறையிட்டார். பூந்திக் கரண்டியைத்தான்.

கடைசியாக ஒன்று. இது மாசி முதல் வாரம். கூட்டம் முடிய ஒன்பது மணியாகும் என்கிறார் செயலாளர். அந்நேரம் தெற்கே, நடுவானுக்கும் அடிவானுக்கும் இடையில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பெரிய மீன் ஒன்று நிற்கும். இரவு வானின் மீன்களில் ஒளியால் இரண்டாவது. அகத்தியர் பெயர் கொண்டது. தலைச்சங்கத்தில் அவர் அமர்ந்திருந்த கதையைப் பத்தாண்டுகளில் எத்தனையோ முறை இங்கே பேசிவிட்டோம். மண்டபத்துக்குத் தென்புறம் திறந்த வெளி இருக்கிறது. வாசல் விளக்குகளைச் சற்று நேரம் அணைத்துவைக்கக் காவலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.