கற்றோரும் காழ்ப்பும்

(டிக்கோயாவில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"உயர்கல்வியின் பயன்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எங்களைப் பணித்தார்கள். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் மூவர் கிடைத்தால் வேறு எதைக் கேட்பார்கள்! அப்பொருளைக் கைவிடாமலே அதன் மறுபக்கத்தைப் பேச உத்தரவு வேண்டுகிறோம். மூவரும் சேர்ந்து எழுதியதை ஒருவர் வாசிக்கிறோம். பிழையிருப்பின் பொறுப்பு மூவருக்கும் உண்டு.

நடந்ததை முதலிற் சொல்லிவிடுகிறோம். சென்ற தவணையில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் ஒரு பெரியவரோடு அமர்ந்திருந்தோம். கலாநிதிப் பட்டம் பெற்றவர்; ஏழைப் பிள்ளைகளிடத்தில் மெய்யான அன்புடையவர். அவர் பேரும் ஊரும் இங்கு வேண்டாம். பேச்சு 2022-ம் ஆண்டின் கஷ்டத்தைப் பற்றித் திரும்பிற்று. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோமல்லவா? "இதற்கெல்லாம் மூலம் யூதன், உலகத்து வங்கிகள் யாவும் றொத்சைல்ட் குடும்பத்தின் கையில்" என்றார் அவர். பிறகு சிரித்துக்கொண்டே, "சில யூதரை விட்டுவைக்கிறேன், மற்றவரை ஏன் கொன்றேன் என்று உலகம் பின்னால் அறியட்டும் என ஹிட்லர் சொன்னானே, அவன் தீர்க்கதரிசி" என்றார். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

அதோடு நின்றிருந்தால் இந்த உரைக்கு அவசியமில்லை. விடுமுறையில் ஊர் வந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியபோது, அதே கதையை நாங்கள் அவர்களுக்குச் சொன்னோம். கறுப்புப் பலகையில் 'றொத்சைல்ட்' என்று பெரிதாக எழுதியும் காட்டினோம். ஆங்கிலப் பெயர் தெரிந்திருப்பதில் எங்களுக்கு ஒரு பெருமை!

எங்களில் ஒருவருடைய அம்மாயி வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அது எங்காத்தா கொழுந்தெடுத்த தோட்டமாச்சே, ராசா! புசல்லாவையிலே. அந்தத் தோட்டத்துக்காரவுகளா நம்மளப் பட்டினி போட்டாக?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ அந்த ஆளுகள்ல யாரையாச்சும் கண்டிருக்கியா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையும் கண்டதில்லை.

வெட்கத்தோடு நூலகத்துக்குப் போய்த் தேடினோம். அம்மாயி சொன்னது உண்மை. றொத்சைல்ட் குடும்பத்து மகள் ஒருத்தியின் பிள்ளைகளான மோரிஸ் வேர்ம்ஸ், கேப்ரியல் வேர்ம்ஸ் என்னும் யூத சகோதரர் இருவர் புசல்லாவையில் காடு வெட்டிக் கோப்பி பயிரிட்டார்கள். தாய்வீட்டுப் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார்கள். மோரிஸ் 1841-ல் சீனத்திலிருந்து தேயிலைக் கன்று கொண்டுவந்து அங்கே நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867-ல் தேயிலை போட்டதற்கு இருபத்தாறு வருஷம் முந்திய செய்தி இது. வேர்ம்ஸ் துரைமார் புண்ணியவான்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பாதையில் நடந்து வந்து செத்துப்போன நம் முன்னோரின் எலும்பில் எல்லாத் துரைமாருடைய காசும் விளைந்தது. அந்தத் துரைமாரில் பெரும்பாலோர் ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த கிறிஸ்தவர்கள். அதற்காக "ஸ்கொத்லாந்துக்காரன் உலகத்தை விழுங்குகிறான்" என்று யாரும் சொல்வதில்லையே! வேர்ம்ஸ் துரைமார் துரைமாராகவே குற்றவாளிகள். யூதராகப் பிறந்ததில் குற்றமில்லை.

2022-ன் கதையும் அப்படியே. 2019-ல் வரியைக் குறைத்தார்கள்; 2021-ல் இரசாயன உரத்தைத் தடுத்தார்கள்; 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கமே அறிவித்தது. உரமில்லாமல் கொழுந்து குறைந்து, நாட்சம்பளம் அரைவாசியான கதை இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியாது? அதை விளங்கிக்கொள்ள யூதன் எதற்கு?

"யூதர் இரகசியமாகக் கூடி உலகை ஆளத் திட்டமிட்டார்கள்" என்று ஒரு புத்தகம் நூறு ஆண்டுக்கு மேலாக உலவுகிறது. 1903-ல் ருஷியாவில் வெளிவந்தது. 1864-ல் பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஜொலி, மூன்றாம் நெப்போலியனைக் கேலி செய்து எழுதிய நூலிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடி, யூதர் பேசியதாக மாற்றிய பொய்ப் புத்தகம் அது. ஜொலியின் நூலில் யூதரைப்பற்றிய பேச்சே இல்லை. இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1921-ல் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டுத் திருட்டை அம்பலமாக்கியது. ஆயினும் புத்தகம் சாகவில்லை. பெரியவர் சொன்ன ஹிட்லர் வசனத்துக்கோ அவனுடைய எழுத்திலும் பிரசங்கத்திலும் ஆதாரமே கிடையாது. பரீட்சையில் மேற்கோளுக்கு ஆதாரம் கேட்கும் வகுப்பார்தாம் இதை ஆதாரமின்றி வாய்வழி கடத்துகிறார்கள்.

படிப்பில்லாதவன் வெறுப்பான், படித்தவன் வெறுக்கமாட்டான் என்று நாங்கள் நம்பியிருந்தோம். 1942 ஜனவரி 20-ம் திகதி, பேர்லின் நகரத்து வான்சே ஏரிக்கரை மாளிகையில் 15 பேர் கூடி, ஐரோப்பாவின் யூதரைக் கொன்றொழிக்கும் காரியத்தை எந்த இலாகா எவ்வாறு செய்வதென்று பேசினார்கள். அந்த 15 பேரில் எண்மர் கலாநிதிகள்! யூதரின் பிரசாவுரிமையைப் பறித்த 1935-ம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்களுக்கு உரை எழுதிய குளோப்கேயும் சட்டக் கலாநிதியே. முடிவில் 60 இலட்சம் பேர் மாண்டார்கள். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் 1904 முதல் 1911 வரை உத்தியோகம் பார்த்த லெனாட் வுல்ப் ஒரு யூதர். அவரை மணந்த வெர்ஜினியா வுல்ப் ஆங்கில இலக்கியத்தின் பெருமை; அவ்வம்மையாரும் கணவரின் யூதக் குலத்தை இகழ்ந்து சிநேகிதிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இனி நம் சங்கத்தார்க்கு நேராக ஒரு வார்த்தை. கோயில் தூணில் இருக்கும் சுவஸ்திகத்தைக் காட்டி, "ஹிட்லரும் நம் சின்னத்தைத்தானே வைத்தான்" என்று பூரிக்கிறவர் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தியா ஆங்கிலேயன் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதியவன் அவன். ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தியாவைவிட்டுப் பெயர்ந்து போன ரோமா நாடோடி மக்களையும் இலட்சக்கணக்கிற் கொன்றான். நம் பக்கத்துச் சரித்திரம் வேறு. ஆயிரம் ஆண்டுக்கு முன் சேரநாட்டு வேந்தன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகனுக்குப் பல்லக்கும் குடையும் முதலிய உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ல் எழுந்த யூதர் ஆலயம் அரண்மனைக் கோயிலுக்கு அடுத்தே நிற்கிறது. நம் மலைநாட்டுக்கும் ஒருவர் வந்தார். ஜேர்மனியில் யூதக் குடும்பத்திற் பிறந்த சீக்மண்ட் பெனிகர் 1936-ல் இலங்கை வந்து, ஞானபோனிக தேரராகத் துறவு பூண்டார். யுத்தம் மூண்டதும் ஜேர்மானியர் என்று ஆங்கிலேயர் அவரை அடைத்து வைத்தார்கள்! அங்கே யூதன், இங்கே ஜேர்மானியன். விடுதலையாகி வந்து, 1958-ல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவிய மூவரில் ஒருவரானார், 1994-ல் மறைந்தார்.

எங்கள் பள்ளிக்கூடத்தையும் விட்டுவைக்க முடியாது. மிஷன் பள்ளியில் படித்தோம். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் இந்த மேடையில் இன்று நாங்கள் இல்லை. ஆனால் "கிறிஸ்துவைக் கொன்ற சாதி" என்ற பேச்சு வேதபாட வகுப்பில் எங்கள் காதில் விழுந்ததுண்டு. அந்தப் பழியை யூதர் எல்லோர் மேலும் சுமத்தலாகாதென்று கத்தோலிக்கத் திருச்சபையே 1965-ல் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்துவிட்டது. எங்களுள் ஒருவர் ஷைலொக் வேஷமிட்டு, கூனிக் குறுகி நடந்து பரிசு வாங்கினார். சபை கைதட்டியது அந்தக் கூனலுக்கே.

"அப்படியானால் இஸ்ரேல் செய்வதெல்லாம் சரியா?" என்று கேட்பீர்கள். 1984-ல் கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலியர் அலுவலகம் திறந்ததையும், நம் நாட்டுப் படைகளுக்குப் பயிற்சி தந்ததையும் தமிழர் மறக்கவில்லை. 2023 ஒக்டோபர் 7-ல் இஸ்ரேலில் குடிமக்கள் கொல்லப்பட்டதும், அதன் பின் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்டதும் நெஞ்சைப் பிளக்கின்றன. ஓர் அரசாங்கத்தை உரக்கவே கண்டிக்கலாம். காஸாவுக்காக அழுகிறேன் என்று தொடங்கி ஹிட்லரைப் புகழ்ந்து முடிக்கிறவர் அழுதது காஸாவுக்காகத்தானா என்றே எங்களுக்குச் சந்தேகம்.

1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை இயற்றியவர்களும் படியாதவர்கள் அல்லர். பரிஸ்டர்மாரும் பட்டதாரிகளும் கூடியிருந்த பாராளுமன்றம் அது. ஐரோப்பாவில் நடந்த கொலையோடு நம் கதையை நிறுத்துப் பார்க்க நாங்கள் துணியமாட்டோம், அளவே வேறு. எனினும் நம்மை நேரிற் கண்டிராத படித்த வாய் ஒன்று 'கள்ளத்தோணி' என்று சொல்லி, மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்திருப்பார்கள் அல்லவா? அந்தச் சிரிப்பு எப்படி ஒலித்திருக்கும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

மறுவாரம் மாலை வகுப்பில், "போன வாரம் சொன்னது பொய், நாங்கள் விசாரிக்காமல் சொல்லிவிட்டோம்" என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டோம். அம்மாயியும் அதே படியில் இருந்தார். எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுந்து, "அந்தப் பெரிய சார்கிட்டச் சொல்லிட்டீங்களா, அண்ணே?" என்று கேட்டான்.

இன்னும் சொல்லவில்லை. நல்லவர், எங்களுக்கு உதவியவர் என்று தயங்குகிறோம். பரீட்சைத் தாளும் அவர் கையில்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வருகிற திங்கட்கிழமை விடுமுறை முடிகிறது. அதே மேசையில்தான் சாப்பாடு.