மூன்று அசிட்டிலீனும் ஒரு கணவாயும்



"கெமிஸ்ட்ரி படிச்சா சாயப்பட்டறை லேப்பை விட்டா வேற போக்கிடம் இருக்குதுங்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் பல வீட்டுச் சோறு அதில்தான். ஆனால் பனியனில் ஏறுகிற சாயத்துக்குள்ளே இருக்கும் பென்சீன் வளையம் எப்படிப் பிறக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வேலையும் இருக்கிறது.

மூன்று அசிட்டிலீன் சேர்ந்தால் ஒரு பென்சீன். மோலுக்கு ஏறத்தாழ 600 கிலோ ஜூல் வெப்பம் வெளியே வரும், அவ்வளவு இறக்கம். ஆனாலும் வெல்டிங் பட்டறை சிலிண்டரில் இருக்கும் அசிட்டிலீன் தானாகப் பென்சீன் ஆவதில்லை. 1866-ல் பெர்த்தலோ கடுமையாகச் சூடாக்கித்தான் எடுத்தார். அவிநாசியிலிருந்து கேரளக் கடற்கரைக்கும் மொத்தத்தில் இறக்கம்தானுங்க, நடுவில் மலை நிற்கிறதே! வால்பாறை ஏறியும் போகலாம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் போகலாம். உலோக வினையூக்கி கணவாயைக் காட்டுகிறது. 1948-ல் ஜெர்மனியின் ரெப்பே நிக்கலைக் கொண்டு இதைச் செய்து வெளியிட்டார்.

பின்னால் வந்தது கோபால்ட். அது இரண்டு அசிட்டிலீனைப் பிடித்து, தானும் ஒரு கண்ணியாகச் சேர்ந்து ஐந்து உறுப்பு வளையம் ஆகிறது. மூன்றாவது அசிட்டிலீன் வளையத்துக்குள் நுழைகிறதா, குறுக்கே ஒட்டுகிறதா? அந்தக் கணத்தைக் குடுவையில் பிடித்து நிறுத்த முடியாது. 2007-ல் வோல்ஹார்ட், ஓபேர், கான்டோன் முதலியோர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: வழி ஒன்றல்ல, சேர வருகிற மூலக்கூறின் குணத்துக்குத் தக்கபடி மாறும். அவர்கள் கையாண்டது டி.எஃப்.டி. முறை, அதற்காக வால்டர் கோனுக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சாயக் கம்பெனிக்குப் பென்சீன் பெட்ரோலியத்திலிருந்து வந்துவிடுகிறது, இது எதற்கு? மருந்துக்கு. வளையத்தில் எந்தக் கிளை எங்கே உட்காருகிறது என்பதுதான் அங்கே விஷயம். வோல்ஹார்ட் ஈஸ்ட்ரோன் ஹார்மோனையே இப்படி கோபால்ட்டால் கட்டினார்.

ஒன்று சொல்லணும். தடையின் உயரத்தில் 1.4 கிலோ கலோரி பிசகினால், அறை வெப்பத்தில் வேகம் 10 மடங்கு மாறிப்போகும். கோபால்ட் மாதிரி உலோகத்தில் டி.எஃப்.டி. அதைவிட அதிகமாகவே பிசகுவது உண்டு. திரையில் வரும் கலர் படத்துக்குக் கைதட்டுறவங்களைக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயம்தான். குடுவையும் கணக்கும் சேர்ந்தே போகணும்.

நம் நாட்டில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ரூதேனியத்தால் ஐசோகுயினோலின் வளையத்தை மூடும் வினையை 2012-ல் வெளியிட்ட ஜெகன்மோகன் இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறார். வினையூக்கிகளைக் கணக்கிடும் மும்பை ஐ.ஐ.டி.யின் ராகவன் சுனோஜ் 2019-ல் பட்நாகர் விருது பெற்றார்.

உலோகம் இல்லாத மூன்று அசிட்டிலீன் கணக்கைச் சாதாரண கம்ப்யூட்டரிலேயே போடலாம். 'ஓர்கா' என்ற மென்பொருள் கல்லூரிக்காரர்களுக்கு இலவசம். ஆசை இருக்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் வேதியியல் துறைப் பக்கம் வாங்க, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு காட்டறேன்.